முதல் பத்திரிகை

ஜனவரி 27, திங்கள்

காலையில் நல்ல பனி. துவைத்த துணி மதியம் வரை காயவில்லை. விராலிமலை போய்க் கல்யாணப் பத்திரிகைக் கட்டு வாங்கியாச்சு. பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். மை வாசம் இன்னும் புடவையில்.

அச்சகத்துத் தம்பிக்குக் காது கிடையாது போல. மகள் நிர்மலாவின் அப்பா பெயருக்கு முன்னால் 'அமரர்' போடாதே என்று படித்துப் படித்துச் சொன்னேன். போட்டுவிட்டான். கேட்டால், "போடலேன்னா பொண்ணோட அப்பா எங்கேன்னு கேப்பாங்கக்கா" என்கிறான். கேட்கட்டுமே. நானும்தான் நாலு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அமரர் ஜெயராஜ். வாசித்தால் வேற யாரோ ஆள் மாதிரி இருக்கிறது.

பிலோமினா வந்தாள். அவருடைய தங்கை என்ற உரிமையில் நேரே கட்டைப் பிரிக்கப் போனாள். கையைத் தட்டிவிட்டேன். முதல் பத்திரிகை கல்லறைக்கு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, மெழுகுவர்த்தி கொளுத்தி, இன்ன தேதி கல்யாணம், வந்து ஆசீர்வாதம் பண்ணுங்க என்று செத்தவரிடம் வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் உயிரோடு இருப்பவர்களுக்கு. இது அவளுக்கும் தெரிந்த முறைதான்.

"தெரியும் மதினி. அண்ணனுக்குத்தான் நம்ம ஊர்லயே சிலுவை நட்டிருக்கோம்ல. அங்கன வச்சிட்டு மத்த வேலையப் பாருங்க. கல்யாணத்துக்கு ரெண்டு வாரம்தான் கெடக்கு. இன்னும் பத்திரிகை வரலேன்னு சொந்தக்காரங்க மொகத்தத் தூக்கி வச்சிக்கிட்டுத் திரியிறாங்க."

அந்தச் சிலுவைக்குக் கீழே இருப்பது அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டை. ஆள் இருப்பது புதுச்சேரியில். மெஸ்ஸில் மாஸ்டராக வேலை பார்த்த இடத்திலேயே, அந்த நோய்க் காலத்தில் போய்ச் சேர்ந்தார். பஸ் இல்லை, ரயில் இல்லை. யார் யாரோ எடுத்துப் போய் அங்கேயே அடக்கம் செய்தார்கள். கூட வேலை பார்த்த தம்பி போனில் ஒரே ஒரு படம் அனுப்பினான். மண்மேடு. ரெண்டு குச்சியைக் கட்டிய சிலுவை. பின்னால் மதில் ஓரமாக ஒரு தண்ணீர்த் தொட்டி. எனக்குக் கிடைத்தது அவ்வளவுதான். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு இடம் வேண்டுமே என்று சட்டையைப் புதைத்துச் சிலுவை நட்டது பிலோமினா.

"சட்டைக்கு யாராச்சும் பத்திரிகை வைப்பாங்களாடி?" என்று கேட்டுவிட்டேன்.

அழுதுகொண்டே போனாள். என் வாய் இருக்கிறதே. ஆனால் சொன்னது பொய்யில்லை. அவரிடம் நேரில் சொல்லாமல் என் மகள் கல்யாணத்துக்கு ஒரு பத்திரிகைகூட வெளியே போகாது. கட்டை டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டியாச்சு.

ஜனவரி 29, புதன்

தைக்க வேண்டியவை: டீச்சர் பிளவுஸ் (கை நீளம் குறைக்க), ஆவூர் அக்கா வீட்டுத் தலையணை உறைகள், நி. கல்யாணப் பிளவுஸுக்கு லைனிங். மிஷின் பெல்ட் நழுவுகிறது.

உபதேசியார் சூசை அண்ணன் வாசலில் நின்று குரல் கொடுத்தார். கோயிலில் இருந்து வேளாங்கண்ணிக்கு பஸ் போகிறது அல்லவா, அதில் ஒருத்தருக்குக் காய்ச்சல், ஒரு சீட் காலி. "வேளாங்கண்ணி முடிச்சு அப்டியே புதுச்சேரி. சாயங்காலம் கைடு வச்சு ஊர் சுத்திக் காட்டுறாங்க. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம், பழைய துறைமுகம் எல்லாம். ஞாயித்துக்கெழம விடியக்காலப் பூசை பாத்துட்டுக் கெளம்பிருவோம். வாரியாம்மா?"

கை ஊசியில் இருந்தது. குத்திக்கொண்டேன்.

வாரேன் என்று சொல்லிவிட்டேன். எதற்கு என்று சொல்லவில்லை. இத்தனை வருஷம் ஏன் போகவில்லை என்று ஊரே கேட்டாயிற்று. துணைக்கு ஆள் இல்லை, லீவு இல்லை, மழை என்று ஏதாவது சாக்கு. உண்மை என்னவென்றால் பயம். போய்ப் பார்த்துவிட்டால் முடிந்துபோகும். பார்க்காத வரைக்கும் அவர் மெஸ்ஸில்தான் இருக்கிறார், லீவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான்.

நி. வர முடியாது. கோயிலில் பெண், மாப்பிள்ளை பெயரை அறிவித்துக் கல்யாண ஓலை வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஓலை வாசித்த பெண் ஊர் எல்லை தாண்டக் கூடாது.

ஜனவரி 31, வெள்ளி

எடுத்து வைத்தவை: முதல் பத்திரிகை (மூலைகளில் மஞ்சள் தடவி, பிளாஸ்டிக் கவருக்குள்), மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, போன் சார்ஜர், தலைவலி மாத்திரை, புளிச்சோறு, துண்டு, செபமாலை.

பத்திரிகை உறையில் பெயர் எழுதும் கோடு காலியாக இருக்கிறது. கல்லறைக்கு வைப்பதில் பெயர் எழுதுவதில்லை. அவருக்கென்று போகிறது, பெயர் எதற்கு.

கிளம்பும்போது நி. வாசல் வரை வந்தாள். "அப்பாகிட்ட நான் கேட்டேன்னு சொல்லும்மா" என்றாள். அப்புறம் உள்ளே போய்விட்டாள். கெட்டிக்காரி, அழுவதை யாருக்கும் காட்டமாட்டாள். அவர் மாதிரி.

பஸ்ஸில் ஏறினால் எனக்குப் பக்கத்து சீட்டில் பிலோமினா. அவள் பெயர் கொடுத்தது எனக்குத் தெரியாது. நான் கொடுத்தது அவளுக்குத் தெரியாது. ரெண்டு பேரும் சன்னலைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறோம். இதை எழுதுவதை ஓரக்கண்ணால் பார்க்கிறாள்.

பிப்ரவரி 1, சனி

வேளாங்கண்ணி. கடல் காற்று, கூட்டம், முட்டி போட்டுப் போகிறவர்கள். மாதாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. இடம் மட்டும் காட்டிக்கொடு என்றேன்.

பிறகு பஸ்ஸில் நெடுந்தூரம். சூசை அண்ணன் விடாமல் செபமாலை சொல்ல வைத்தார். கடலூர் தாண்டியதும் பையைத் திறந்து பத்திரிகை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன்.

(மீதி, தங்கிய மண்டபத்துப் படியில் உட்கார்ந்து எழுதுவது. மறப்பதற்குள் எழுதிவிட வேண்டும். மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருக்கிறார்கள்.)

வெயில் சாயும் நேரம் கடற்கரைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டார்கள். கைடு ஒரு பெண். ரெஜினா என்று பெயர். மடக்கிய மஞ்சள் குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இந்தக் குடையத் தொடர்ந்து வந்தீங்கன்னா தொலைய மாட்டீங்க" என்றாள். நாங்களும் ஆட்டு மந்தை போல அவள் பின்னால்.

முதலில் கடல். தண்ணீருக்குள் பழைய பாலத்துத் தூண்கள் கறுப்பாக நிற்கின்றன. மேலே பாலம் இல்லை.

"துறைமுகம்னு பேருதாம்மா. கப்பல் கரைக்கு வராது, ஆழம் பத்தாது. தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். இங்கேர்ந்து படகுல போய்தான் ஏறணும். உங்க புதுக்கோட்டைப் பக்கத்து ஆளுங்கல்லாம்கூட இந்த வழியா வியட்நாம் பக்கம் சைகோனுக்குப் போயிருக்காங்க. வழியனுப்ப வந்தவங்க இதே கரையில நிப்பாங்க. அங்க கையாட்டுறது நம்ம ஆளா, வேற ஆளான்னு தெரியாது. கப்பல் மறையிற வரைக்கும் யாருக்கோ கையாட்டிட்டுத் திரும்பிப் போவாங்க."

எல்லாரும் ம்ம் கொட்டினார்கள். நான் கையாட்டக்கூட இல்லை. கடைசியாக அவர் போனில், "ஒண்ணுமில்ல, சளிதான், நீ மொதல்ல சாப்புடு" என்றார்.

அவர் இந்த ஊரைப் பற்றிச் சொன்னதை எல்லாம் நான் பாதிதான் நம்பியிருக்கிறேன். தெருப் பெயர்ப் பலகையில் தமிழும் பிரெஞ்சும் இருக்கும் என்பார். இருக்கிறது, நீலப் பலகையில். வீடெல்லாம் மஞ்சள் அடித்து, மதிலுக்கு மேலே காகிதப்பூ வழியும் என்பார். வழிகிறது. போலீஸ்காரர் தலையில் தகர டப்பா மாதிரி செவப்புத் தொப்பி என்பார். "யாருகிட்ட கத வுடுறீங்க?" என்று சிரிப்பேன். இன்றைக்கு ஒரு முனையில் அந்தத் தொப்பி நின்றது. அப்படியே நின்று பார்த்தேன். பிலோமினா என் முழங்கையை இடித்து, "அண்ணன் சொன்னது நெசந்தான் மதினி" என்றாள். பஸ் ஏறியதில் இருந்து அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"சாயங்காலம் ஆனா கடற்கரை ரோட்டுல வண்டி விடமாட்டாங்க. நடந்துக்கிட்டே போகலாம். ஒன்னையக் கூட்டியாந்து காட்டணும்" என்றும் சொல்வார். ஒவ்வொரு லீவுக்கும் சொன்னார். நான்தான் மிஷின், பிள்ளை படிப்பு, கோழி என்று ஏதாவது சொல்வேன்.

பிறகு போர் நினைவுச் சின்னம். பிரெஞ்சுக்காரர்களுக்காகச் சண்டைக்குப் போய்ச் செத்தவர்களுக்குக் கட்டியதாம். யாரோ ஒருவர், "இங்கனதான் பொதச்சிருக்காங்களா?" என்று கேட்டார்.

ரெஜினா தலையாட்டினாள். "இல்லைங்க. உடம்பெல்லாம் எங்கெங்கியோ கெடக்குது. நினைப்பு மட்டும்தான் இங்க."

பிலோமினா என் காதோரம் வந்து, "பாத்தீங்களா? வெள்ளைக்காரனே அப்டித்தான் பண்ணியிருக்கான். நான் நட்ட சிலுவைய மட்டும் கொறை சொல்றீங்க" என்றாள்.

அவள் சொன்னதிலும் நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

அங்கிருந்து உள்தெருக்கள். ஒரு பெரிய வாய்க்கால். இந்தப் பக்கம் வெள்ளைக்காரர்கள், அந்தப் பக்கம் தமிழர்கள் என்று பிரித்து வைத்திருந்தார்களாம். சூசை அண்ணன் சிரித்துக்கொண்டே, "செத்தா?" என்றார்.

"அந்தக் காலத்துல அதுலயும் பெரிய மனுசங்களுக்குத் தனி எடம்தான். மண்டபம் மாதிரி கல்லறையெல்லாம் இருக்குது. ஊருக்குத் தெற்க, கல்லறைத் தோட்டத்துல."

கூட்டம் ஒரு பெரிய கதவை போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது ரெஜினாவிடம் போய் போனில் இருந்த படத்தைக் காட்டினேன். என்னென்னவோ சொல்ல நினைத்தது எல்லாம் மறந்துவிட்டது. "என் வீட்டுக்காரரு" என்று மட்டும் வந்தது. பையில் இருந்து பத்திரிகையை எடுத்தேன்.

அவளுக்கும் நம் முறை தெரிந்திருக்கிறது. மூலையில் மஞ்சளைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். மணி பார்த்தாள். "ஆறு மணிக்குப் பூட்டிடுவாங்களே. நம்ம ரூட்டு அங்க போகாதேம்மா." ஒரு நிமிஷம் குடைக் கம்பைக் கடித்தபடி யோசித்தாள். பிறகு தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரரைக் கை தட்டிக் கூப்பிட்டு இடத்தைச் சொன்னாள். "முடிச்சிட்டு காந்தி சிலைகிட்ட வந்துடுங்க. அதுவரைக்கும் இவங்கள அலையில கால் நனைக்க விட்டு வைக்கிறேன்."

சூசை அண்ணன் பார்த்துவிட்டார். "எங்கம்மா தனியாக் கெளம்பிட்ட? கூட்டத்த விட்டுப் போகக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"பாத்ரூம் போறாங்க அண்ணே" என்றாள் ரெஜினா, கண் இமைக்காமல். அவர் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆட்டோ நகரும்போது பிலோமினா ஓடி வந்து ஏறினாள். மூச்சு வாங்க, "நீங்க என்னத்துக்கு வந்தீங்கன்னு தெரியாதாக்கும்? எங்க அண்ணனும்தானே" என்றாள். அவள் பையிலும் ஒரு மெழுகுவர்த்தி இருந்தது.

கல்லறைத் தோட்டம் பெரிது. நம் ஊர்த் தோட்டத்தைப் போல் பத்து வைக்கலாம். முன்பக்கம் ரெஜினா சொன்ன மண்டபங்கள். உள்ளே போகப் போகச் சிமென்ட் கல்லறைகள், டைல்ஸ் போட்டவை, கடைசியில் வெறும் மேடுகள். போனைக் கையில் பிடித்துக்கொண்டு மதில் ஓரமாகவே நடந்தோம். ரெண்டு இடத்தில் தொட்டி இருந்தது. முதல் தொட்டி புதுசு. இரண்டாவது, அதேதான். விளிம்பு உடைந்து, சுண்ணாம்பு கொட்டி, படத்தில் இருந்தபடியே.

அதற்கு முன்னால் மண்மேடு இல்லை. குச்சிச் சிலுவை இல்லை. பளபளவென்று கறுப்புக் கல். அடைக்கலமேரி என்று பெயர். போன வருஷம் ஆடி மாதம் இறந்தவர். வாடாத செவ்வந்தி.

மறுபடி படத்தைப் பார்த்தேன். மறுபடி கல்லைப் பார்த்தேன்.

ஒரு பெரியவர் தொட்டியில் மண்வெட்டி கழுவ வந்தார். குழி வெட்டுகிறவர். படத்தை வாங்கி, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"கட்டாத குழிதானம்மா? யாரும் வராத குழிய கொஞ்ச வருசம் பாத்துட்டு மறுபடி எடுப்பாங்க. இங்க எடம் எங்க இருக்குது?"

"அப்ப அவரு எங்கேங்க?" என்று நான் கேட்டது எனக்கே கேட்கவில்லை.

"எங்கியும் போவலம்மா. எலும்ப வெளிய போட மாட்டோம், பாவம் அது. அங்கியே இன்னும் ஆழமா வச்சு மூடிட்டுத்தான் மேல வப்போம். கீழ உன் வீட்டுக்காரரு, மேல இந்தம்மா. ரெண்டு பேரும் ஒண்ணாதான் இருக்காங்க."

யாரும் வராத குழி. நான் வந்திருந்தால் எடுத்திருக்க மாட்டார்கள். பயந்துகொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

பிலோமினா தரையிலேயே உட்கார்ந்து கத்தி அழுதாள். சிலுவை நட்ட அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தக் கல்லைப் பார்த்தாள்.

"மதினி, அண்ணனுக்கு எம்புட்டுக் கூச்சம்! பஸ்ஸுல தெரியாத பொம்பள பக்கத்துல ஒக்காந்தாலே எந்திரிச்சு நின்னுக்கும். இங்க எங்கிட்டு எந்திரிச்சு நிக்கப் போவுது?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கல்லறைத் தோட்டத்தில் ரெண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். சிரிப்பு எங்கே முடிந்தது, அழுகை எங்கே ஆரம்பித்தது, தெரியாது.

கல்லின் ஓரத்து மண்ணில் ரெண்டு மெழுகுவர்த்தியையும் நட்டுக் கொளுத்தினோம். காற்றில் அணைந்தது. பிலோமினா முந்தானையால் மறைத்துக்கொண்டாள். நான் குனிந்து, "ஏங்க" என்றேன். நாலு வருஷம் கழித்துக் கூப்பிடுகிறேன். "நம்ம நிர்மலாவுக்குக் கல்யாணம். வர்ற பன்னெண்டாம் தேதி, நம்ம கோயில்லதான். நல்ல பையன், மணப்பாறைக்காரங்க. பிள்ள ஒங்களக் கேட்டுச்சு. லீவு கேக்க வேணாம், வந்துருங்க."

பத்திரிகையை வைக்கப் போனேன். பிலோமினா கையைப் பிடித்தாள்.

"மதினி, இது அடுத்த வீட்டுக் கல்லறை. நாளைக்கி அவங்க வந்து பாத்தா என்ன நெனப்பாங்க? எவளோ நம்ம ஆத்தா தலையில பத்திரிகையப் போட்டுட்டுப் போயிருக்கான்னு சொல்ல மாட்டாங்க?"

அதுவும் சரிதான். ஒரு வீட்டுக்குள் போய்ப் பத்திரிகை வைத்துவிட்டு, அந்த வீட்டுக்காரரை அழைக்காமல் வருவது எந்த ஊர் மரியாதை? என்னிடம் இருப்பதோ இந்த ஒன்று. மற்றது எல்லாம் டிரங்குப் பெட்டியில்.

ஆட்டோக்காரர் வாசலில் ஹார்ன் அடித்தார். பூட்டுகிற ஆளும் மணி அடித்தாயிற்று. போய் ஆட்டோக்காரர் சட்டைப்பையில் இருந்த பேனாவை வாங்கி வந்தேன். உறையில் காலியாக விட்டிருந்த கோட்டில் எழுதினேன்: திருமதி அடைக்கலமேரி குடும்பத்தார்.

கல்லைப் பார்த்து, "அம்மா, நீங்களும் வந்துருங்க. ஒங்க பிள்ளைகளையும் வரச் சொல்லுங்க" என்றேன். வேறு என்ன சொல்ல. பறக்காமல் இருக்க, கல்மேல் வைத்து, மேலே ஒரு ஓட்டுச் சில்லை வைத்தேன்.

திரும்பி வரும்போது கடற்கரை ரோட்டை அடைத்துவிட்டார்கள். ஆட்டோ முனையிலேயே நின்றுவிட்டது. காந்தி சிலை வரைக்கும் நடந்தோம். வண்டி இல்லாத ரோடு. பிள்ளைகள் நடு ரோட்டில் ஓடுகிறார்கள். ஒரு பக்கம் அலை, ஒரு பக்கம் விளக்கு எரிகிற பழைய கட்டடங்கள். அவர் சொன்னது அப்படியே. வந்துட்டேங்க என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன். பிலோமினா என் கையைப் பிடித்திருந்தாள்.

தூரத்தில் மஞ்சள் குடை தெரிந்தது. ரெஜினா பழைய கலங்கரை விளக்கத்தைக் காட்டி, "இதப் பாத்துத்தான் கப்பல்காரங்க கரை எங்கன்னு தெரிஞ்சுப்பாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சூசை அண்ணன் மட்டும், "இம்புட்டு நேரமா பாத்ரூமு?" என்றார்.

பிப்ரவரி 2, ஞாயிறு

வீடு. கால் வீக்கம். பஸ்ஸில் யாரோ வாந்தி.

நி. வாசலிலேயே நின்றாள். "அப்பா எடம் எப்டிம்மா இருக்கு?"

எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கவில்லை. கடைசி வரை கேட்டாள். கறுப்புக் கல் என்று சொன்ன இடத்தில் மட்டும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அவங்க வீட்ல கோவிச்சுக்கிட்டுப் பத்திரிகையத் தூக்கிப் போட்டுட்டா?"

"போட்டா போடட்டும். நம்ம மொறைய நம்ம செஞ்சாச்சு."

வீறாப்பாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள் பக் பக் என்கிறது. பிள்ளைகள் செலவு செய்து அந்தக் கல்லை வைத்து, தாயை நினைத்துப் பூ வைக்கிறார்கள். அதன்மேல் வேற வீட்டுப் பத்திரிகை. கீழே ஒரு ஆம்பளை இருக்கிறார் என்று அவர்களுக்குத் தெரியுமோ என்னவோ. தெரிந்தால் எப்படி எடுத்துக்கொள்வார்கள்? கல்லைச் சுற்றி வேலி போட்டுவிட்டால் கல்லறைத் திருநாளுக்கு நான் எங்கே போய் மெழுகுவர்த்தி வைப்பேன்?

டிரங்குப் பெட்டியைத் திறந்தாச்சு. பிலோமினாவும் நானும் உட்கார்ந்து மஞ்சள் தடவினோம். நாளையில் இருந்து திருவரங்குளம், திருமயம், கீரனூர் பக்கம் அவள். மணப்பாறை ரோடு நான்.

பிப்ரவரி 6, வியாழன்

பிளவுஸ் முடிந்தது. நி. போட்டுப் பார்த்தாள். தோள் கச்சிதம். இலைக்குச் சொல்லியாச்சு. பந்தல்காரன் வரவில்லை. அவனுக்கு வாயும் வார்த்தையும் ஒன்றாக இருந்த நாளே கிடையாது.

போன் அடிக்கும்போதெல்லாம் புதுச்சேரியோ என்று திக்கென்கிறது. பத்திரிகையில் என் நம்பர்தான் இருக்கிறது. வந்தது எல்லாம் ஸ்பீக்கர் செட்டுக்காரனும் பூக்காரியும்.

பிப்ரவரி 9, ஞாயிறு

மூன்றாம் ஓலை வாசித்தாயிற்று. தடை யாரும் சொல்லவில்லை.

மதியம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். போன். தெரியாத நம்பர்.

"நிர்மலாவோட அம்மாங்களா? நான் புதுச்சேரிலேர்ந்து பேசுறேன். அடைக்கலமேரியோட மகன்."

முறத்தைக் கீழே வைத்தேன். சொல்லுங்க தம்பி என்றேனா, தெரியவில்லை.

"காலைல பூசை முடிச்சிட்டு அம்மாவப் பாக்கப் போனோம். பத்திரிகை இருந்துது. மொதல்ல ஒண்ணும் புரியல. குழி வெட்டுறவருகிட்ட கேட்டோம். சொன்னாரு. எங்களுக்குத் தெரியாதுங்க. அங்க ஏற்கெனவே ஒருத்தர் இருந்தாருன்னு சத்தியமாத் தெரியாது."

"ஒங்க மேல என்ன இருக்கு தம்பி? நான் வராம இருந்துட்டேன்."

"அம்மா சாகிறதுக்கு முன்னாடி தனியாப் படுக்கவே பயப்படுவாங்க. லைட்ட அணைக்க விட மாட்டாங்க. அங்க தனியா விட்டுட்டு வந்துட்டமேன்னு என் தங்கச்சி இன்னிக்கு வரைக்கும் அழுதுட்டுதான் இருக்குது. உங்க பத்திரிகையப் பாத்துட்டு அது சொல்லுது, அம்மா தனியா இல்லண்ணேன்னு."

முறத்து அரிசியைக் கையால் அளைந்துகொண்டிருந்தேன்.

பிறகு அவரே, "கல்லுல கீழ எடம் இருக்குங்க. உங்க வீட்டுக்காரர் பேர வெட்டலாம்னு பாக்குறோம். உங்களுக்குச் சம்மதம்னா" என்றார்.

"வெட்டுங்க தம்பி."

"பத்திரிகையில இருக்கிற மாதிரியே போடவா? முன்னால அமரர்னு?"

வாசலில் பந்தக்கால் ஊன்றிக்கொண்டிருந்தார்கள். நி. கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளைப் பார்த்துக்கொண்டே, "போடுங்க" என்றேன்.

போனை வைத்த பிறகு அழுதேன். யாரும் என்ன ஏது என்று கேட்கவில்லை. கல்யாண வீட்டில் தாய் அழுவாள், எல்லாருக்கும் தெரிந்ததுதான்.

கல்யாணத்துக்கு வருகிறார்களா என்று கேட்க மறந்தே போனேன்.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்று கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. நி. மணப்பாறை போய்விட்டாள். வீடு முழுக்க நாற்காலி. அண்டா கழுவ ஆள் வரவில்லை. தொண்டை கட்டிக்கொண்டது. ஒன்றே ஒன்றை மட்டும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

பூசைக்கு முதல் மணி அடித்த நேரம். கோயில் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. ஒரு ஆள், அவர் மனைவி, ரெண்டு பிள்ளைகள், இன்னொரு பெண். யாருக்கும் அடையாளம் தெரியவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துத் தயங்கித் தயங்கி வந்து போனை நீட்டினாள். கறுப்புக் கல். அடைக்கலமேரி. கீழே, புதிதாக வெட்டிய எழுத்து, இன்னும் தூசி துடைக்காமல்: அமரர் ஜெயராஜ். அவளைக் கட்டிக்கொண்டேன். அவள் பெயர்கூட அப்போது தெரியாது.

சூசை அண்ணன் ஒலிபெருக்கி வயரைக் கையில் பிடித்தபடி வந்து, "இவங்கள்லாம் யாரு? எந்த வழிச் சொந்தம்?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் பிலோமினா சந்தனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு முன்னால் போனாள்.

"எங்க அண்ணன் வழி" என்றாள்.